சாமி இல்லாத ஆறு

பள்ளி விடுமுறை முழுக்க என் பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்: ஒருநாள் ஆற்றில் விளையாட வேண்டும். இன்று காலை சண்முகநதிக்கு பஸ் ஏறினோம். தூக்குச்சட்டியில் புளிச்சோறு, பையில் ரப்பர் பந்து, மாற்றுத்துணி.

பழனி நெருங்கியதும், கூட வந்த நாத்தனார் ஆரம்பித்தாள்.

"இம்புட்டு தூரம் வந்துட்டு முருகனைப் பாக்காம போறதா, மதினி?"

"அதுவும் சரிதான்," என்றார் என் கணவர்.

முதலில் மகனுக்கு மொட்டை. பிறகு மலையேற்றம், நீண்ட வரிசை. இறங்கியபோது இருட்டிவிட்டது. பந்து பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

திரும்பும் பஸ்ஸில் மகன் சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டே கேட்டான்: "அம்மா, சாமி இல்லாத ஆறு எங்கிட்டு இருக்கு?"

"ஏலே, வாயிலயே போடுவேன்!" என்றாள் நாத்தனார்.

எனக்கும் அதே கேள்விதான். அப்படியோர் ஆறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் நாத்தனாருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.