மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இன்று, திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. அண்ணனின் நற்குணங்களைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அந்தப் பொண்ணப் பத்தி எழுதாம உங்க அண்ணனப் பத்தி எழுதிட முடியுமா?" என்று கேட்டதும் அண்ணிதான். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அண்ணன் ராயபுரத்தில் பிறந்தவர். எங்கள் தந்தையார் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒருவன் இருந்தான். ஒன்பது வயதில் அவனுக்குத் தொண்டை வலி வந்து போனது. சில வாரங்களில் முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால் வீங்கியது. வாய்வு என்று எண்ணெய் தேய்த்தோம். மறு வருடம் படியேறும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. அதற்கடுத்த வருடம் அவன் இல்லை.

அண்ணன் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்: "அம்மா, தம்பிக்கு வந்தது வாய்வு இல்ல. தொண்டைப் புண்ணுல ஆரம்பிச்சு இருதயத்துக்குப் போற காய்ச்சல். இப்ப அதைத் தடுக்க மருந்து வந்திருக்கு."

"அதை இப்ப எங்கிட்ட ஏம்பா சொல்ற?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்கள்.

திருவொற்றியூரில் அண்ணன் டிஸ்பென்சரி திறந்தபோது, நர்ஸ் பயிற்சி முடித்திருந்த நான் அவரோடு சேர்ந்தேன். சொறி சிரங்கு, வயிற்றுப் பூச்சி, சீதபேதி, மில் தூசியில் வந்த இருமல் என்று காலையிலிருந்தே பெஞ்சுகள் நிறைந்துவிடும். வருகிறவரின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்கள் என்று கேட்பார். மருந்து அதற்குப் பிறகுதான். எந்தக் குழந்தை எதற்காக வந்தாலும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்காமல் அனுப்பியதில்லை. இருதயத்தில் கோளாறான சத்தம் கேட்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. விடாமல் போட்டுவந்தால் அந்தக் காய்ச்சல் திரும்பாது. ஒருவர் வரத் தவறினாலும் அண்ணன் வீட்டுக்கே போய் நிற்பார்.

அப்படி வந்துகொண்டிருந்தவள் காமாட்சி. பதினைந்து வயது. அவள் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். இரண்டு வருடமாக ஊசி போட்டுக்கொண்டு, ஓடியாடும் அளவுக்குத் தேறியிருந்தாள். ஒவ்வொரு முறையும் முன்கையில் சிறிதளவு மருந்தைக் குத்தி, உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்த பிறகே முழு ஊசி போடுவோம். அன்று அவளுக்குப் பரீட்சை.

"டாக்டர், மணியாச்சு. அந்த சின்ன ஊசி இன்னிக்கி வோணாம் டாக்டர். எப்பவும் ஒண்ணும் ஆவலயே."

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மருந்தை ஏற்றிக் கொடுத்தேன், அவர் போட்டார்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "அக்கா, கையெல்லாம் அரிக்குது" என்றாள். அதற்குள் உதடு தடித்துவிட்டது. "அட்ரினலின் எடும்மா, சீக்கிரம்!" என்றார் அண்ணன். போட்டோம். மீண்டும் போட்டோம். நெஞ்சை அழுத்தி அழுத்தி அவருடைய சட்டை நனைந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

தகப்பனார் வேலையிலிருந்து ஓடிவந்தபோது தெருவே கூடியிருந்தது. உள்ளே இருக்கும்படி நான் அண்ணனைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை உதறிவிட்டு வெளியே போய், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "டெஸ்ட் போட்டுப் பாக்காம ஊசி போட்டுட்டேன். என் தப்புதான்."

"இன்னா சார் சொல்ற? காலீல நடந்து வந்த பொண்ணு சார்!" என்று கத்தினார் தகப்பனார்.

பிறகு கூட்டத்திலிருந்து கல் வந்தது. அண்ணனின் நெற்றியிலிருந்த தழும்பு அன்று விழுந்தது. டெஸ்ட் போட்டிருந்தாலும் இப்படி நேரலாம் என்று மற்ற டாக்டர்கள் சொன்னார்கள். விசாரணையும் அண்ணனுக்குச் சாதகமாகவே முடிந்தது. அந்த ஆறுதலை அவர் ஒரு நாளும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அதோடு முடியவில்லை. ஊசிக்கு வந்துகொண்டிருந்த மற்ற பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. அண்ணன் வீடு வீடாகப் போனார். "எங்கிட்ட வர வேணாம். பெரிய ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போங்க. ஊசிய மட்டும் நிறுத்தாதீங்க" என்று கெஞ்சினார். சிலர் கேட்டார்கள். சேகர் என்ற பத்து வயதுப் பிள்ளையின் தாய், "எம்புள்ள மேல கைய வெக்காத. போயிரு" என்று கதவைச் சாத்தினாள். அவளை எப்படிக் குறை சொல்வது? அந்த ஐப்பசியில் சேகருக்குக் காய்ச்சல் திரும்பியது. மழை விடுவதற்குள் அவனும் போய்விட்டான். சுடுகாட்டுக்கு வெளியே குடையில்லாமல் நின்ற அண்ணனை நான்தான் வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

டிஸ்பென்சரியை மூடிவிடலாம் என்று அவர் முடிவெடுத்திருந்த வாரம், காமாட்சியின் தகப்பனார் வந்தார். தோளில் சின்ன மகள், காய்ச்சலில் துவண்டு கிடந்தாள்.

"தொண்ட வலிக்குதுங்குது. பெரியவளுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது" என்றார். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "உன்ன மன்னிச்சிட்டு வர்ல சார். இது இன்னான்னு பாத்தவொடனே சொல்றவன் இங்க நீ ஒர்த்தன்தான் கீற. பாரு."

அண்ணன் பார்த்தார். டார்ச்சை நான் வாங்கிப் பிடித்தேன். பென்சிலின் தரவில்லை, வேறு மாத்திரை கொடுத்தார். பத்து நாளும் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, குழந்தை மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தத் தகப்பனார் ஒரு நாளும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. குழந்தை பிழைத்தாள். டிஸ்பென்சரி மூடப்படவில்லை. மற்றவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள்.

நாற்பது வயது தாண்டிய யாரையும் இரத்த அழுத்தம் பார்க்காமல் அண்ணன் விட்டதில்லை. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்லிச் சொல்லியே அலுத்தவர். அவருக்கே அழுத்தம் மிக அதிகமாக இருப்பதை நான் கண்டுபிடித்தேன். மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். சென்ற ஆண்டு நோயாளியின் நாடியைப் பிடித்திருந்தபோதே அவருடைய வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்து, ஆண்டவரிடம் சேர்ந்தார். அடக்கம் முடிந்து மேஜையைத் திறந்தபோது, மாத்திரைகள் எல்லாம் பிரிக்காமல் இருந்தன. காரணம் தெரியும் என்று நான் எழுத மாட்டேன்.

அந்த மூன்று நாளும் உடனிருந்த ஆஸ்பத்திரிச் சகோதரிகளுக்கும், ஜெபம் சொல்லிய பங்குத் தந்தைக்கும், அண்ணியைத் தனியே விடாத அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக முழந்தாளிடும்போது, அவர் பெயருக்கு முன்னால் காமாட்சி, சேகர் என்ற இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள். அவர் தம் ஜெபத்தில் அந்த வரிசையில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.