துண்டுக்குள் ஒரு பாடம்

வாத்தியார் வேலை கேட்டு மூன்றாவது பள்ளிக்கூடத்துக்கு நான் போனது 1952இல், ஆடித் தபசு முடிந்து வந்த திங்கட்கிழமை. செவ்வாய் என்று என் மனைவி இன்றும் வாதாடுவாள். செவ்வாய் சங்கரன்கோவிலில் மாட்டுச் சந்தை. நான் பஸ் ஏறப் போனபோது சந்தைத் திடல் வெறிச்சென்று கிடந்தது. ஆகவே திங்கள்தான்.

ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றதிலிருந்து அந்தத் திடலில் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். முப்பது வயதில் மறுபடி புத்தகத்தை எடுத்தேன். மீசை முளைக்காத பையன்களோடு உட்கார்ந்து எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி, ஆசிரியர் பயிற்சியும் முடித்தேன். இரண்டு பள்ளிகளில் வயது கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். சந்தையில் என் பழைய கூட்டாளி கேட்டான்: “மாட்டுக்குப் பல்லப் பிடிச்சு வயசு பாத்த கை. பிள்ளைகளையும் வாயைத் திறக்கச் சொல்லுவீராவே?”

இதுவும் கிடைக்காவிட்டால் மறுநாளே தரகுக்குத் திரும்புவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பள்ளி குருவிகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தது. அதை நடத்திய மேனேஜர் நிலமும் மாடும் நிறைய உள்ள பெரிய சம்சாரி. “நாலாப்புக்குக் கணக்கு நடத்திக் காட்டும், பாப்போம்” என்று வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

முந்நூற்று ஐந்து எழுதச் சொன்னேன். ஆட்டுக்கார வீட்டுப் பையன் ஒருவன் 3005 என்று எழுதினான். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி குச்சிக் கட்டுகளை அடுக்கி விளக்கினேன். மறுபடியும் 3005. மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

என் கை தானாகத் தோள் துண்டுக்குப் போயிற்று. சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம்; துண்டுக்குள் எதிராளியின் விரலைப் பிடித்துச் சொல்லுவோம். எங்கள் வழக்கத்தில் முதல் பிடி நூறு, அடுத்தது பத்து, கடைசி ஒன்று. பையனின் கைமேல் துண்டைப் போட்டு மூன்று விரலைப் பிடித்தேன். அடுத்த பிடிக்கு விரல் எதையும் பிடிக்காமல் உள்ளங்கையை மட்டும் தொட்டேன். பிறகு ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன்.

அவன் முகம் வியாபாரி முகமாகிவிட்டது. “முந்நூத்தஞ்சு. எந்த மாட்டுக்கு சார்?”

“மாடு கிடக்கட்டும்ல. ரெண்டாவதுல எத்தன விரலு?”

“ஒண்ணுமே பிடிக்கலியே.”

“அப்போ அந்த எடத்துல என்ன போடுவ?”

“முட்டை” என்றவன், சொன்ன வேகத்தில் பலகைக்குப் போய் 305 என்று எழுதினான். அதற்குப் பிறகு வகுப்பு முழுவதும் என் துண்டுக்கு முண்டியடித்தது.

மேனேஜர் எழுந்து வந்தார். “எங்கிட்டயும் கையக் கொடும்வே” என்று துண்டுக்குள் கையை நுழைத்து, என் கை முழுவதையும் இறுக்கிப் பிடித்தார். பேரம் படிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். “நாளைக்கே வாரும்” என்றார்.

மறுநாள் வெள்ளைச் சட்டையும் அதே துண்டுமாக, கூடியிருந்த சந்தையின் நடுவே பஸ்ஸுக்கு நடந்தேன். சுற்றுவழி இருந்தது, வேண்டுமென்றேதான் அப்படிப் போனேன். கூட்டாளி ஒரு காளையைக் கயிற்றோடு ஒதுக்கிப் பிடித்து, “ஏலே, சாருக்கு வழி விடுங்க” என்று சத்தம் போட்டான்.

என் மனைவி கணக்கில் வைத்திருக்கும் செவ்வாய் இதுதான்.