உறிஞ்சலார் குடித்த காபி

காபிக் கம்பெனியில் எல்லோரும் அவரை உறிஞ்சலார் என்றுதான் அழைத்தார்கள். கரண்டியில் காபியை எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, ருசி பார்த்துத் தரம் சொல்லிவிட்டுப் பக்கத்து வாளியில் துப்புவதுதான் அவருடைய உத்தியோகம். துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிற மனுஷன் உலகத்திலேயே இவர்தான் என்று அவர் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தொழிலில் ஆள் புலி. மேட்டு நிலத்தில் நிதானமாகப் பழுக்கும் அராபிகாவின் மெல்லிய புளிப்பையும், தாழ்வில் விளையும் ரொபஸ்டாவின் அழுத்தமான கசப்பையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வார். அதற்காக அராபிகா என்றதும் கும்பிடு போடும் ரகமும் இல்லை. காயும் பழமுமாகப் பறித்து ஈரத்தோடு மூட்டை கட்டினால் எந்தக் கொட்டையும் குப்பைதான். பழுத்ததை மட்டும் பறித்து, பக்குவமாகக் காயவைத்து, வறுத்து நாளாகாமல் குடித்தால் ரொபஸ்டாவும் ராஜாதான் என்பார். இதைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்வார். காபி கொடுத்தவர்களின் முகம் தொங்கிப்போவது மட்டும் அவர் கண்ணில் படாது.

அதனால்தான், மகள் விரும்பிய பையனின் வீட்டுக்கு முதல்முறையாகக் கிளம்பிய அன்று, அவள் வாசலிலேயே அவரை நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். "அப்பா, காபியப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவங்கம்மாவுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னே இன்னும் தெரியல. நீங்க வேற கெடுத்துராதீங்க."

அவரும் பேசவில்லை. காபி வந்தது, எடுத்தார். பழக்கதோஷம்! வாய் தானாகச் சர்ரென்று உறிஞ்சியது, சுழற்றியது, பக்கத்தில் இருந்த பூந்தொட்டியில் துப்பியது. பேச மாட்டேன் என்ற வாக்கை மட்டும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றிவிட்டார்.

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பையனின் அம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு டப்பா இருந்தது.

"நல்லா இல்லையா? அசல் அராபிகாத் தூள்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க. போன வருஷம், உங்க பொண்ணப் பத்தி இவன் சொன்ன அன்னிக்கே ஆசையா வாங்கி வச்சேன். நீங்க வர்றப்போ போடணும்னு யாரையும் தொட விடல. நான் மட்டும் அப்பப்போ தொறந்து மோந்து பாத்துக்குவேன்."

உறிஞ்சலாருக்கு விஷயம் விளங்கியது. இருந்த மணமெல்லாம் அந்த அம்மாவின் மூக்கு வழியாகவே போய்ச் சேர்ந்திருந்தது. பிடிக்குமோ பிடிக்காதோ என்று ஒரு வருஷமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்த மகள், கண்ணைக்கூடத் துடைக்காமல் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார்.

கோப்பையை எடுத்தார். சத்தமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரை விழுங்கினார். நனைந்த அட்டைப்பெட்டியைக் கரைத்துக் குடித்தது போல இருந்தது.

"இன்னொரு கப் குடுங்க, சம்பந்தியம்மா," என்றார். "டப்பாவ இன்னிக்கே காலி பண்ணிரலாம்."