துரையின் தகப்பன் பெயர்

தொண்ணூறுகளில் மந்தாரக்குப்பம் கிறிஸ்தவக் கோயிலில் இருந்த அந்த உபதேசியார் மூட்டிவிட்ட கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒல்லியான ஆள், தோளில் எப்போதும் ஈரத்துண்டு. நான் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களின் பழைய கோயில் பதிவேடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. நாம் சோப்புப் போட்டுக் கை கழுவி, அதை அவர் முகர்ந்து பார்த்த பிறகுதான் ஒரு பக்கத்தைத் தொடமுடியும்.

என் பாட்டனுக்குப் பாட்டன் அவுரிச் சாய வியாபாரத்துக்காக இங்கிலாந்திலிருந்து வந்தவர். அவரைப் பெற்றவர்கள் யார் என்று தேடி, ஷிப்ட் இல்லாத மூன்று சனிக்கிழமைகள் போனேன். மூன்றாவது வாரம் அவருடைய திருமணப் பதிவு அகப்பட்டது. தகப்பன் பெயர், தாய் பெயர், அங்கே அவர்களுடைய ஊர், எல்லாம் இருந்தன. நோட்டில் எழுதிக்கொண்டு, சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினேன்.

"பக்கத்துக் கட்டத்தயும் படிங்க" என்றார் உபதேசியார்.

மணமகளுக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர். கீழே, 'இவ்வூர்ப் பெண்' என்று ஆங்கிலத்தில். பெற்றோர் பெயருக்கான இடத்தில் வெறும் கோடு.

"மூணு வாரமா அந்தத் தொரைக்கு அப்பன் யாருன்னு கேட்டுக்கினு இருக்கீங்க. இந்தப் பொண்ணப் பெத்தவங்க யாருன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

"அதுல எழுதலைன்னா நான் என்னங்க பண்றது?" என்று கத்தினேன்.

"எழுதாதவன் மேல கோவப்படுங்க. எம்மேல ஏன் கத்துறீங்க?" என்றவர், பதிவேட்டை மூடி அலமாரியைப் பூட்டினார்.

பஸ்ஸில் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே குவார்ட்டர்ஸுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். இங்கிலாந்து ஊரின் பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணின் பெயரை எழுதவே இல்லை.