தவலைத் தண்ணீர்

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகி தில்லிக்கு வந்த முதல் வருஷம், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். என் கணவர், அவருடைய அம்மா, நான். குளிர் விடுகிற சமயத்தில் நான்காவதாக ஒன்று வந்து சேர்ந்தது. ஊறுகாய் பாட்டிலில் வந்தது.

கணவருக்கு அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை. அங்கே ஏதோ ஆராய்ச்சிக்காக வளர்த்த, பல்லி மாதிரி இருக்கும் நீர்ச் சாலமாண்டர்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. ஆராய்ச்சி முடிந்துவிட்டதால் அதை ஃபார்மலின் ஜாடியில் போட்டுப் பாடம்பண்ணி அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டார்களாம். இவருக்கு மனசு வரவில்லை. கேட்டு வாங்கி, பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டார். ஒரு ஜாடிக்குத் தப்பி இன்னொரு ஜாடி.

ஒரு சாண் நீளம்கூட இருக்காது. சாதம் வடித்த கஞ்சியில் ஒரு சிட்டிகை குங்குமம் கரைத்த நிறம். நாலு குட்டிக் கால்கள், இமையில்லாத கண்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் சிவந்த இறகுகள் மாதிரி செவுள்கள். வாயின் அமைப்பே அப்படி, எப்போதும் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும். வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே குழந்தை ரூபத்தில் இருந்துவிடும் என்றும், காலை இழந்தால் கால் முளைக்கும், செவுள் போனால் செவுள் முளைக்கும் என்றும் இவர் சொன்னார்.

"மனுஷாளுக்கு ஒரு பல் விழுந்தா மொளைக்க மாட்டேங்கறது. பல்லிக்கு இத்தனை பவிஷா" என்றார் மாமியார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எனக்கு அப்போது ஹிந்தி வராது. இவர் ஆபீஸ் போனதும் வீட்டில் மாமியாரும் நானும் மட்டும். அவர் என்னைத் திட்டினதில்லை. திட்டியிருந்தால் தேவலை. சமையலறையில் அவருக்கென்று ஒரு உலகம் இருந்தது. அதில் எதைத் தொட்டாலும், "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த 'இருக்கட்டும்' கதவைச் சாத்துகிற சத்தம் போடும். கூடத்து மூலையில் எனாமல் பேசினில் கிடந்த அந்தப் பிராணியோடுதான் நான் பேசினேன். பதிலுக்கு அது ஒரு குமிழி விடும். தில்லியில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகம் அது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஏப்ரல் வந்ததும் பேசின் தண்ணீர் சுட ஆரம்பித்தது. அது அடியில் இருக்கப் பிடிக்காமல் மேலே மேலே வந்து காற்றை விழுங்கியது. குளிர்ந்த தண்ணீரில் வாழ வேண்டிய ஜீவன், கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடுகிறது, பெரிய தொட்டி இல்லாமல் தில்லி மே மாதத்தை இது தாண்டாது என்றார் இவர். எப்படியாவது தாண்ட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். அது போய்விட்டால் அந்தக் கூடத்தில் நான் யாரோடு இருப்பேன்?

கோட்லாவில் ஒரு வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, கசியாமல் பட்டி பூசித் தொட்டி செய்து வாங்கினோம். தள்ளுவண்டியில் அது பிளாக்குக்குள் நுழைந்தபோது பால்கனிகளிலெல்லாம் தலைகள். மாடி வீட்டுப் பஞ்சாபி மாமி, "மச்லி கா கர்?" என்று கேட்டாள். மீனுடைய வீடா என்கிறாள் என்று இவர் மொழிபெயர்த்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். சாலமாண்டரை எந்த பாஷையில் விளக்குவது?

கூலர் காற்று படுகிற இடமாகப் பார்த்துத் தொட்டியை வைத்தோம். நைஸ் மணலைக் கழுவிக் கழுவிப் போட்டேன். கூழாங்கல் போட்டால் இரையென்று நினைத்து விழுங்கிவிடுமாம். ஒளிந்துகொள்ள ஒரு உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்தோம். மிச்சம் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை. ஒரு நாளாவது திறந்து வைத்தால்தான் அது போகும். அத்தனை தண்ணீரைப் பிடித்து வைக்க எங்களிடம் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் வாளிகள். இவர் கவலையாக அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, குழாயடியில் மாமியாரின் செப்புத் தவலை நிரம்பித் தளும்பியது. மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

அந்தத் தவலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து அவர் கல்யாணச் சீராக வந்தது. ரயிலில் மடியில் வைத்தபடி தில்லிக்குக் கொண்டுவந்தாராம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தானே தேய்ப்பார். மற்றவர்கள் கை படக் கூடாது. ஒருமுறை அதை நகர்த்தப் போய் நானும் ஒரு 'இருக்கட்டும்' வாங்கியிருக்கிறேன்.

"செப்புல நின்னா ஜலம் சுத்தமாயிடும்" என்றார், என்னைப் பார்க்காமல். "நாம குடிக்கறதுக்கே நல்லதுன்னா, அதுக்கு நல்லதில்லையா?"

தினமும் தவலையில் தண்ணீர் நின்றது. தினமும் அவரே மொண்டு மொண்டு தொட்டியில் ஊற்றினார். தெளிந்த தண்ணீர், காலை வெயிலில் லேசாகச் சிவந்து இறங்கும்.

தொட்டி நிறைந்து அதை விட்ட அன்று, அது முதலில் அசையவில்லை. பிறகு ஒரு காலை எடுத்து வைத்தது. மணலில் நடந்தது. அப்புறம் கால்களை உடம்போடு சேர்த்துக்கொண்டு, வாலை ஒரு வீச்சு வீசி, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நீந்தியது. பேசினில் இருந்தவரை, அதற்கு நீந்தத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிருந்தது.

அந்த மத்தியானங்கள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. வெளியே லூ என்கிற அனல்காற்று வீசும். ஜன்னலெல்லாம் சாத்தி, திரை இழுத்து, கூடம் பச்சை இருட்டாக இருக்கும். கூலரின் வெட்டிவேர்த் தட்டியிலிருந்து ஈர வாசனை வரும். தொட்டிக்கு ஒரு பக்கம் நான் தரையில் படுத்திருப்பேன். மறுபக்கம், கொஞ்சம் தள்ளி, மாமியார் தலைக்கு மணைப்பலகை வைத்துப் படுத்திருப்பார். நடுவில் அது செவுள்களை விரித்து நிற்கும். திரை இடுக்கால் வந்த வெளிச்சம் தண்ணீர் வழியாகச் சுவரில் ஏறி ஆடும். அரைத் தூக்கத்தில் யார் தொட்டிக்கு உள்ளே, யார் வெளியே என்று தெரியாது. தஞ்சாவூரும் தில்லியும் எங்கேயோ மேலே, தண்ணீருக்கு அப்பால் இருந்தன. கண்ணாடி வழியே பார்த்தால் மாமியாரின் முகம் பெரிதாக, மெத்தென்று, கோபமே தெரியாத முகமாக இருந்தது.

"சிரிக்கறதுடி அது" என்றார் ஒரு நாள், கண்ணைத் திறக்காமலே.

கொஞ்ச நாளில் அது சிரிப்பதை எங்களால் பார்க்க முடியவில்லை. பூந்தொட்டிக்குள்ளேயே கிடந்தது. மண்புழுவை மூக்கருகில் ஆட்டினாலும் திரும்பவில்லை. சிவந்த இறகுகள் சுருங்கி, நுனி கருகி, வெறும் காம்புகளாக நின்றன. தோலில் கோழை மாதிரி ஒரு படலம். சூடுதான் என்று தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினோம். ஐஸைப் பையில் போட்டு மிதக்கவிட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. மாமியார் மட்டும், "நன்னா புது ஜலம் ஊத்தணும், பாவம்" என்று முன்பைவிட அதிகமாக மொண்டு ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவுவதற்காக இவர் அதைப் பழைய பேசினில், முந்தின நாள் பிடித்து வைத்த வாளித் தண்ணீரில் விட்டார். சாயங்காலம் ஒரு புழுவைத் தின்றது. கழுவின தொட்டியில் தவலைத் தண்ணீரை ஊற்றித் திரும்ப விட்டோம். மறுநாள் மறுபடியும் சுருண்டது. இவர் நெடுநேரம் தவலையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"தவலைதான்" என்றார் மெதுவாக. "செம்பு ஜலத்தில எறங்கறது. புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க இன்னும் எறங்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. இது தோலாலயும் செவுளாலயும் மூச்சு விடறது. இதுக்கு விஷம்."

"அம்மாகிட்ட சொல்லுங்கோ."

"நீ சொல்லேன்."

"உங்க அம்மா."

"உன்னோட பிராணி" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். ஃபார்மலின் ஜாடியிலிருந்து உயிரை மீட்ட வீரருக்கு அம்மாவிடம் வாய் வரவில்லை.

எனக்கு இவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கோபத்தோடேயே குழாயடிக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தவலையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லை. பாத்திரமாவது பளிச்னு இருக்கட்டும்" என்றார். அவர் அதைக் குழந்தை என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். தவலையைத் தந்ததோடு எனக்கென்று ஒரு கதவையும் திறந்திருந்தார். நானே போய் அதைச் சாத்த வேண்டுமா? ஆனால் கூடத்தில் அது செத்துக்கொண்டிருந்தது.

சொல்லிவிட்டேன். இவர் சொன்னதை அப்படியே, தலையைக் குனிந்துகொண்டு.

அவர் கை நின்றது. தவலையை அலம்பி, துணியால் துடைத்து, சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தார். அன்று மத்தியானம் கூடத்தில் வந்து படுக்கவில்லை. நான் பிராணியை பேசினுக்கு மாற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரையெல்லாம் இறைத்து வெளியே கொட்டினேன். அழுதுகொண்டேதான் கொட்டினேன். அது பிழைத்தாலும் எனக்கு இனி பழைய 'இருக்கட்டும்'தான் என்று தோன்றியது.

வெயில் தாழ்ந்ததும் பார்த்தால் மாமியாரைக் காணோம். கோயிலுக்குத் தவிர தனியாக எங்கேயும் போனதில்லை. எவ்வளவு என்பதற்கு 'கித்னா', வேண்டாம் என்பதற்கு 'நஹி', அந்த இரண்டு வார்த்தைகளோடு அவர் ஹிந்தி முடிந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடப்போன சமயத்தில் வாசலில் ஒரு சைக்கிள் ரிக்ஷா வந்து நின்றது. மாமியார் இரண்டு பெரிய மண்பானைகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குலுங்கி உடைந்துவிடாமல் மெதுவாக வரச் சொல்வதற்கு வார்த்தை தெரியாமல் வழியெல்லாம், "நஹி, நஹி" என்றே சொல்லிக்கொண்டு வந்தாராம். ரிக்ஷாக்காரன் பாதி வழி இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான்.

"மண்ணுல ஒண்ணும் இருக்காதே?" என்று கேட்டார் என்னிடம்.

"இருக்காதும்மா."

நேரே பேசினிடம் போய்க் குனிந்தார். "எனக்குத் தெரியாதுடா கொழந்தே" என்றார்.

பானைகளை ஊறப்போட்டு, பழக்கி, அதில் தண்ணீரை நிறுத்தி ஊற்றினோம். பானைத் தண்ணீர் தானாகவே குளிர்ந்து இருந்தது. ஐஸுக்கு அலைகிற வேலையும் மிச்சம். மே மாதம் தகித்தது. கருகிய காம்புகளில் முதலில் மெல்லிய ரோமம் மாதிரி ஏதோ தெரிந்தது. பிறகு அது சிவந்தது. பிறகு இறகாக விரிந்தது. மாமியார் மத்தியானத்தில் மறுபடியும் கூடத்துக்கு வந்து, முன்பைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் மணைப்பலகையைப் போட்டுக்கொண்டார்.

முதல் மழைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. வழக்கமான நேரத்தில் குழாயடியில் சத்தம் இல்லை. மாமியார் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, விரலில் தொங்கிய மண்புழுவை முகம் சுளிக்காமல் அதற்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இங்க வேலை இருக்கு. புளி ஊறிண்டிருக்கு பாரு" என்றார், திரும்பாமலே. "தவலையை நீ தேச்சுடு."