கங்காணியே போதும்க்கா

ஹட்டனில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, பழக்கடைகளைத் தாண்டி ஒரு குறுகலான மாடிப்படி ஏறினால் சப்ராஸ் நானாவின் கொம்பியூட்டர் கடை வரும். அங்கே மூலையில் பழுது பார்க்கிற மேசை என்னுடையது. என் பெயர் கணேசமூர்த்தி. கடைக்கு வருகிற யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஏனென்றால் படியேறி வருகிற ஆள் முதலில் பார்ப்பது வினோதாவைத்தான். கண்ணாடி ஷோகேஸுக்குப் பின்னால், தோளில் ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு, மதர்போர்ட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நிற்பாள்.

அவள் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற லயத்தில் பிறந்தவள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா மீனம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். தம்பி லோஜன் கொழும்பில் பெயின்ட் கடையில் வேலை செய்தான். வினோதா உயர்தர வகுப்பு வரைக்கும் படித்து, ஒரு கொம்பியூட்டர் கோர்ஸும் முடித்து, டைப் அடிக்கிற வேலைக்கென்றுதான் எங்கள் கடைக்கு வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே ஷோகேஸ் அவள் கைக்குப் போய்விட்டது.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்களிடம் அதிகம் ஓடுவது ஒரே கம்பனியின் ஒரே வரிசையில் வருகிற நாலு போர்ட். நாலு பெட்டியும் கறுப்பு, நாலிலும் ஒரே மின்னல் படம். பெயர்களோ எழுத்தும் இலக்கமுமாகக் கலந்து, வான் வண்டி நம்பர் மாதிரி இருக்கும். எது எதற்கு என்று கேட்டால் சப்ராஸ் நானாவே தலையைச் சொறிவார். ஒருநாள் தோட்டத்துத் தொழிற்சாலை கிளார்க் ஒருவர் வந்து எவ்வளவு விளக்கியும் புரியாமல் நிற்க, வினோதா பொறுமையிழந்து சொன்னாள்:

"இந்தா பாருங்க சார். இது கங்காணி. சொன்ன வேலைய ஒழுங்கா செய்வாரு, ஆனா மெமரி ரெண்டுக்கு மேல போட எடமில்ல. இது கணக்கப்பிள்ள. நாலு மெமரி போடலாம். இது சின்னத்தொர. வைஃபை அவருகிட்டயே இருக்கு, வயர் இழுக்கத் தேவயில்ல. இது பெரியதொர. கரண்டு வர்ற எடம் பூரா அலுமினியச் சட்ட போட்டிருக்காரு. என்ன வேல குடுத்தாலும் வேர்க்காது."

பெரியதொரைக்கு வேர்க்காது என்றதும் கிளார்க் விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மேலே, கங்காணியிலிருந்து பெரியதொரை வரைக்கும் ஏறுகிற அதிகார வரிசை அது. அன்றிலிருந்து அந்த நாலு போர்டுக்கும் ஹட்டனில் அதுதான் பெயர். கினிகத்தேனையிலிருந்து வருகிற சிங்களப் பையன்கள்கூட "கங்காணி போர்ட் எக்கக் தென்ன", கங்காணி போர்ட் ஒன்று தாங்க, என்றுதான் கேட்பார்கள். இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் எங்களுக்கே ஒரு நிமிஷம் பிடிபடாது.

வினோதாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கங்காணி கேட்டு வந்தவரைக் கணக்கப்பிள்ளைக்கு ஏற்றிவிடுவாள். கணக்கப்பிள்ளை கேட்டால் சின்னத்தொரை. வியாபாரத் தந்திரம் என்று சப்ராஸ் நானா மகிழ்ந்துபோவார். ஆனால் அது தந்திரமே இல்லை. அவள் வீட்டில் வாங்கியதெல்லாம் ஒரு பிடி குறைவாகவே இருந்திருக்கிறது. காலை மூடினால் தோளை மூடாத கம்பளி. ஒரு தகடு குறைந்து, மழைக்கு ஓரத்தில் சட்டி வைக்கிற கூரை. "பத்தாதத வாங்கிட்டு அப்புறம் வருசக்கணக்கா அதப் பாத்துக்கிட்டு இருக்கணும்ண்ணே, அது பெரிய தொல்ல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அவள் சொன்னால் அதில் கள்ளம் இருக்காது. அதனால்தான் ஆட்கள் கேட்டார்கள்.

லோஜனும் கேட்டான். அவனுக்குக் கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிற ஆசை. கொழும்பிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் கொம்பியூட்டருக்கு ஒரு சாமான் கொண்டுவருவான். கலர் லைட் எரிகிற காற்றாடிகளோடு ஒரு கேசிங், கொம்பியூட்டரின் வெளிக்கூடு. மெமரி. ப்ராசசர். திரை. எல்லாம் வந்துவிட்டது, போர்ட் ஒன்றுதான் பாக்கி. அக்கா கடையிலேயே இருக்கிறதே, அதைக் கடைசியில் அவளிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். அந்த வெற்றுக் கேசிங்கை மீனம்மா அலுமாரிக்கு மேலே ஏற்றி, துணி போட்டு மூடி வைத்திருந்தார். சரஸ்வதி பூஜைக்கு இறக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். உள்ளே ஒன்றுமே இல்லாத கொம்பியூட்டர் பொட்டோடு உட்கார்ந்திருக்கும். லயமே அதைச் சொல்லிச் சிரிக்கும், லோஜனும் சேர்ந்து சிரிப்பான்.

தீபாவளிக்கு வந்தவனிடம் "கணக்கப்பிள்ளதான் ஒனக்குச் சரி, ஆனா ஸ்டொக் இல்ல" என்றாள். பொங்கலுக்கு வந்தபோது "இவ்வளவு பொறுத்துட்ட, சின்னத்தொரையாப் பாப்போம்" என்றாள். கடைசியாக, கோயில் தேர் முடிந்து கொழும்பு பஸ் ஏறுவதற்கு முன் தோள் பையோடு கடைக்கு வந்தான். நேரே போய் முதல் பெட்டியின்மேல் விரலை வைத்தான்.

"அக்கா, கங்காணியே போதும்க்கா. இன்னைக்கே குடு. அடுத்த லீவுல வந்து எல்லாத்தயும் சேத்துப் பூட்டிருவேன்."

"நாளைக்கு மெமரி கூட்டணும்னா என்ன செய்வ? புது பெரியதொர வருதுன்னு ஏஜன்ட் சொல்லியிருக்கான். இவ்வளவு நாள் பொறுத்தவன் இன்னும் கொஞ்சம் பொறு."

அவன் என் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களாண்ணே. இவகிட்ட கங்காணி இருக்கு, தொர இருக்கு. கொழுந்து எடுக்கிற மொடலே கெடையாது."

மூன்று பேரும் சிரித்தோம். பஸ் ஹோர்ன் அடித்தது. அவன் படியில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கிப் போனான்.

கொழும்பில் டெங்கு. சாதாரணக் காய்ச்சல் என்று அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. ஒரு வான் வண்டியில் ஆளைக் கொண்டுவந்தார்கள். மழையில் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம். மீனம்மா மண்ணில் புரண்டு கதறினார். வினோதா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடை அவள் தலைக்கு மேலும் இல்லை, வேறு யார் தலைக்கு மேலும் இல்லை.

கருமாதிக்கு முன்பே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். லயத்தில் அதற்குப் பேச்சுக் கிளம்பியது. கல் நெஞ்சுக்காரி என்றார்கள். அழுதால்தான் தீரும் என்று புத்தி சொல்ல ஆட்கள் கடை வரைக்கும் படியேறி வந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகை என்ன குழாய்த் தண்ணீரா, திறந்தவுடன் வருவதற்கு? அவள் மரத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தால் சாப்பிட்டாள், பிரிக்காவிட்டால் இல்லை. யாராவது போர்ட் கேட்டால் அதே வார்த்தைகள் வந்தன. இது கங்காணி, இது கணக்கப்பிள்ள. பெரியதொரைக்கு வேர்க்காது என்கிற இடத்தில் வந்தவர் சிரிக்க, அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வாரம்தான் புது பெரியதொரை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அவளே பிரித்தாள், தூசு தட்டினாள், கண்ணாடிக்குள் அடுக்கினாள். நான்தான் பார்க்க முடியாமல், இல்லாத வேலையைத் தேடி மேசைக்குக் கீழே குனிந்தேன்.

கருமாதிக்கு முந்தின நாள் மீனம்மா வினோதாவுக்குப் போன் எடுத்தார். வினோதாவின் கையில் பெட்டிகள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"படையல்ல எல்லாம் வச்சிருவோம்டி. மீன் கொழம்பு, மிக்சர், அவன் குடிக்கிற சோடா. அந்தக் கொம்பியூட்டர் பலக ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்தானே, அதயும் வைக்கணும். ஆசப்பட்டது வைக்காட்டி புள்ள வாசல்லயே நிப்பான். அது எதுன்னு ஒனக்குத்தானே தெரியும்?"

"தெரியும்மா" என்றாள்.

போனை வைத்துவிட்டு, எட்டிப் புது பெரியதொரையை எடுத்தாள். நான் வாயெடுத்தேன். "வினோதா, அவன் கேட்டது..."

"அண்ணே, என் பேருக்கு பில் போட்டுருங்க" என்றாள். நான் பில் புத்தகத்தை இழுத்து அவள் பெயரை எழுதினேன். உயிரோடு இருந்தபோது கொடுக்காததை இப்போதாவது உயர்ந்ததாகக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறாள், அது எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் நெஞ்சு ஒப்பவில்லை.

மறுநாள் நானும் போனேன். லயத்தில் அவர்கள் காம்பரா வீட்டுக்கு முன்னால் தகரப் பந்தல். உள்ளே லோஜனின் படத்துக்கு மாலை, அதற்கு முன்னால் வாழை இலை. சோற்றுக்கும் மீன் குழம்புக்கும் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி. கேசிங்கையும் இறக்கி வைத்திருந்தார்கள், பழைய பொட்டு காய்ந்து உதிர்ந்திருந்தது.

"இதுதானாடி?" என்று மீனம்மா கேட்டார்.

"இதுதாம்மா. இருக்கிறதுலயே நல்லது."

சாமி கும்பிட்டு, காக்காய்க்குச் சோறு எடுத்து வெளியே கல்லின்மேல் வைத்தார்கள். லோஜனின் தாய்மாமன் சின்னத்தம்பி கையைத் தட்டிக் கூப்பிட்டார். காக்காய் வரவில்லை. மூட்டம் தேயிலையை மூடியிருந்தது, எதிர் லயமே தெரியவில்லை. அந்தப் பனியில் காக்காய் எங்கே இருந்து வரும்? ஆனால் அதை அந்த வாசலில் யார் சொல்வது?

"லோஜா, என்ன கொறன்னாலும் மாமா பாத்துக்கிறேன், வாப்பா" என்றார் சின்னத்தம்பி. அம்மாவைக் கைவிட மாட்டோம் என்றார். அக்காவுக்கு நல்லது செய்து வைப்போம் என்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற ராசம்மா என்கிற பெண் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "ஆசப்பட்டது ஏதோ கெடைக்கல அந்தப் புள்ளைக்கு."

வினோதா வாசலில் கிடந்த செருப்பை மாட்டினாள். என்னிடம் வந்தாள்.

"அண்ணே, பைக்க எடுங்க. கடைக்குப் போவணும்."

பைக்கைக் கிளப்பினேன். வளைவுக்கு வளைவு மூட்டம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஹட்டன் வரைக்கும் இறங்கினோம். கடையில் சப்ராஸ் நானா எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அவள் கண்ணாடியைத் திறந்து கங்காணியை எடுத்தாள். "கொண்டு போங்க மகள்" என்றார் அவர். சொப்பிங் பேக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "சீக்கிரம்ண்ணே."

லயத்தில் பைக்கை நிறுத்தும்போதே கல்லைப் பார்த்தேன். இலை கிழிந்து கிடந்தது, சோறு சிதறியிருந்தது. உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது.

"எங்கடி போன?" என்றார் மீனம்மா. "நீ எறங்கிப் போன கையோட ரெண்டு காக்கா வந்து தின்னுட்டுப் போயிருச்சு."

வினோதா உள்ளே போனாள். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். பெரியதொரை பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு இலையில் கிடந்தது. உறையைக் கிழித்து, ப்ராசசர் உட்காருகிற இடத்து மூடியையும் கழற்றி, நடுவில் ஈரச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார் மீனம்மா. மயிர் போன்ற ஊசிகள் அங்கேதான் நிற்கும். ஒரு விரல் பட்டாலே போயிற்று. அது இனி எந்தக் காலத்திலும் ஓடாது.

"மூடி வச்சா புள்ள எப்படி எடுப்பான்? அதான் தொறந்து வச்சேன்" என்றார் அவர்.

கடையில் யாராவது அந்த இடத்தை விரலால் சுட்டிக் காட்டினாலே "தொடாதீங்க" என்று கத்துகிறவள் வினோதா. அன்றைக்கு அவள் சொப்பிங் பேக்கிலிருந்து கங்காணியை வெளியே எடுத்தாள்.

"கையில என்னடி?"

"அவன் கேட்டது இதும்மா."

"அப்ப அது?"

"அது... இத விட நல்லதும்மா. இது அவனுக்குப் பத்தாதுன்னு நான்தான் குடுக்காம வச்சிருந்தேன்."

மீனம்மா மகளைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்தவள் வீட்டுக்கு வந்து உட்காரும்போது பார்க்கிற பார்வை அது.

"என் புள்ள என்னைக்குடி பத்தாதுன்னு சொன்னான்?"

பிறகு எழுந்து வந்தார். "குடு, இதயும் தொறந்து வைப்போம்" என்று சந்தனம் காயாத விரல்களைப் பெட்டியின் பக்கம் நீட்டினார். வினோதா வெடுக்கென்று பின்னால் நகர்ந்து பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இதத் தொடாத. இது ஓடணும்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வெற்றுக் கேசிங்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்க்கிற அளவுக்கு, அவள் சத்தம் போட்டு அழுதாள்.