பூசைக்கு வந்த மூன்றாவது டிஸ்க்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, மலாக்கா டவுனில் எங்கள் அச்சகத்தின் பின்கதவுப் பூட்டு அறுபட்டுக் கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் மெமரி சிப்புக்கு நல்ல கிராக்கி. அச்சு இயந்திரத்தைத் தொடாமல், கம்ப்யூட்டர்களையும் சர்வரையும் தூக்கிப் போயிருந்தார்கள்.

நான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முதலாளி, டிஸ்க்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா?" என்று கேட்டேன். அவர் பூசை மேசையைப் பார்த்தார். பழமும் பொரியும்தான் இருந்தன.

எங்கள் சர்வரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும், அதுதான் மிரர். ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. ஆனால் ஒரு ஃபைலைத் தவறாக அழித்தால் இரண்டிலும் அழியும். திருடன் வந்தால் இரண்டும் போகும். அதனால் மூன்றாவது டிஸ்க் ஒன்று வாங்க வைத்தேன். சனிக்கிழமைதோறும் சர்வரை நிறுத்தி, ஒன்றைக் கழற்றி, வெளியே இருந்ததைப் பொருத்துவேன். மிரர் அதில் எல்லாவற்றையும் புதிதாக நகல் எடுக்கும். கழற்றியது ஆயர் குரோவில் முதலாளி வீட்டு அலமாரிக்குப் போகும்.

பூசையன்று முதலாளியே அதைக் கொண்டுவந்து, சந்தனம் குங்குமம் இட்டு மேசையில் வைத்துவிட்டார்.

"இது இங்க இருக்கக் கூடாது முதலாளி. இன்னிக்கே கொண்டு போயிடுங்க."

"என்னாய்யா நீ, சாமிக்கு வச்சத உடனே எடுக்கலாமா? காலையிலதான் எடுக்கணும். ஒரு ராத்திரிதானேலா, என்னா ஆவப் போவுது?"

திருட்டோடு போன கல்யாணப் பத்திரிகைகளைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். சன்னாசி ஐயாவின் புத்தகத்தை என்ன செய்வது? அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளி. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட அவரையும் பிடித்துப் போனார்கள். அண்ணனோடு போனவர் தனியாகத் திரும்பினார். கை நடுக்கத்தால் எழுத முடியாது. பல மாதங்களாக பஸ் ஏறி வந்து சொல்லச் சொல்ல, எங்கள் டைப்பிஸ்ட் வசந்தா நேராகக் கம்ப்யூட்டரில் அடித்தாள். பூசைக்கு முந்தின நாள்தான் சொல்லி முடித்தார்; பூசை முடிந்து புரூஃப் எடுக்கலாம் என்றிருந்தோம். காட்டில் செத்த ஒவ்வொருவரையும், எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு என்று சொல்லியிருந்தார். பாதியில் எழுந்துபோய் அழுதுவிட்டு வருவாள் வசந்தா.

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் முதலாளியே காரில் போய் அவரை அழைத்துவந்தார். "ஐயா, மன்னிச்சுக்குங்க. இன்னொரு தடவ மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"எங்க அண்ணன் வீராசாமி…" என்று ஆரம்பித்தார் ஐயா. வசந்தா அடித்தாள். ஐயா அதோடு நிறுத்திவிட்டார். முதலாளி பக்கம் திரும்பினார்.

"சொல்லி முடிச்சு எறக்கி வச்சுட்டேன் தம்பி. மறுபடியும் தூக்கச் சொல்றீங்களே, என்னால முடியாது."

தடுத்த முதலாளியின் கையைத் தட்டிவிட்டு எழுந்து போனார். பிறகு வரவேயில்லை. அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

மிரர் இருக்கிறதே என்று இன்றும் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் சொல்லும்போது கோபம்தான் வருகிறது. வெளியே போன டிஸ்க், மாற்றுகிற நேரம் தவிர, மற்றவற்றோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. சாமிக்காகவும் கூடாது.

அதன் பிறகு மூன்றாவது டிஸ்க்கை உம்பாயில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். வசந்தா அன்று அடித்த ஃபைலை அழிக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. அந்த மூன்று சொல்லை வாரந்தவறாமல் நகல் எடுத்தேன்.